பெட்டிக்குப் போன காசு

1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. மத்திய அலையில் வரும் ஒலி, வீட்டு வானொலிப் பெட்டியை எட்டும்போது 5,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் தேய்ந்து நின்றுவிடும். எஃப்.எம். 15,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவரக் கூடியது. காதைப் பொறுத்தவரை இது பெரிய வேறுபாடு: தம்புராவின் ஜீவாளி தரும் ரீங்காரம், மிருதங்கத்தில் சாப்பு விழும்போது தெறிக்கும் கூர்மை, வயலின் வில் தந்தியை உரசும் ஓசை, எல்லாமே அந்த மேல்பகுதியில்தான் உயிரோடு இருக்கின்றன. ஆக, நல்ல ஒலி காற்றில் இலவசமாக வந்துவிட்டது. அதைப் பிடித்து அறைக்குள் கொண்டுவரும் கருவிதான் கல்லூரி மாணவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. வெளிநாட்டு செட் என்றால் இறக்குமதி உரிமமும் வரியும் தடுத்தன. இல்லாவிட்டால் வளைகுடாவிலிருந்து யாராவது தூக்கி வர வேண்டும். கல்கத்தாவின் சோனோடைன் போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் ஸ்டீரியோ செட் நடுத்தரக் குடும்பம் யோசித்து, தள்ளிப்போட்டு, மறுபடி யோசிக்கும் பொருளாக இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, மாதச் செலவுக்கு வீட்டிலிருந்து வரும் பணத்தில் மிச்சம் பிடித்த கிண்டி, தரமணி, குரோம்பேட்டை மாணவர்கள் சிலர் நல்ல ஒலியைக் கேட்கத்தான் செய்தார்கள். விலை குறைந்ததால் அது நடக்கவில்லை. ஒரு செட்டை முழுதாக வாங்காமல் துண்டு துண்டாக வாங்கிச் சேர்க்கலாம் என்ற ஏற்பாடு நகரத்தில் இருந்தது. அந்தத் துண்டுகளில் எதற்கு முதலில் காசு போட வேண்டும் என்ற அறிவும் கூடவே புழங்கியது. இந்த இரண்டில் அறிவுதான் முக்கியமானது என்பது என் வாதம்.

ஒலிக்கருவியைத் தானே சேர்த்துக் கட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண வானொலி மன்றம், அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்தபோது அதன் கையில் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். அரசும் பெரு நிறுவனமும் வருவதற்கு முன், ஆர்வலர்கள் கூடிச் செய்த காரியம் அது. பணமில்லாமல் 1927இல் மன்றம் ஓய்ந்தது. மாநகராட்சி அந்தக் கருவியை வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி நிலையம் எழும்பூரில் வந்தது. 1954இல் மயிலாப்பூரின் கடற்கரை ஓரத்துக்கு இடம் பெயர்ந்தது. மெரினாவிலும் பூங்காக்களிலும் நடந்த அந்தப் பொதுக் கேட்பை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பூங்கா ஒலிபெருக்கியிலும் கோயில் உற்சவக் கச்சேரியிலும் சபாக்களின் கடைசி வரிசையிலும் காசில்லாமலோ சில்லறைக் காசுக்கோ பாட்டு கேட்ட ஊர் இது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி, தி. நகரின் கிருஷ்ண கான சபா, வாணி மகால் என்று மார்கழியில் நடந்தே போய்க் கேட்கும் தூரத்தில் மேடைகள் இருந்தன. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கும்கி எப்படி உருளும் என்று நேரில் கேட்ட காது, கடைக்காரர் சொல்லும் வாட் கணக்கில் சுலபமாக மயங்காது. எந்த விளம்பரமும் தராத அளவுகோல் ஒன்று அந்த மாணவரிடம் ஏற்கெனவே இருந்தது.

இனி சந்தைக்கு வருவோம். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு பழைய இசைத்தட்டுகளும் பழைய கருவிகளும் கிடைத்தன. 1985இல் அது எரிந்து போனது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1960களின் இறுதியில் கடற்கரைச் சாலையில் உருவான பர்மா பஜாரில் வெளிநாட்டு செட்டுகளைக் கண்ணால் பார்க்கலாம், விலை கேட்டுவிட்டு நகரலாம். மாணவருக்கு உதவியது மவுண்ட் ரோட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பிரியும் ரிச்சி தெருவும் அதைச் சுற்றிய நரசிங்கபுரம் தெரு முதலான சந்துகளும்தான். அங்கே செட் ஒரே பொருளாக இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கடை, போர்டு ஒரு கடை, ஸ்பீக்கர் ஒரு கடை, குமிழும் முகப்புத் தகடும் இன்னொரு கடை. இதை வெறும் வணிக வசதி என்று தள்ளிவிட முடியாது. முழு செட்டுக்குத்தான் உரிமமும் வரியும் விளம்பரச் செலவும் கடைக்காரர் லாபமும் அடுக்கடுக்காக ஏறின. உதிரிகளில் பெரும்பகுதி உள்ளூரிலேயே செய்யக்கூடியவை. எஸ்.எல். 100, எஸ்.கே. 100 டிரான்சிஸ்டர்கள் நம் நாட்டிலேயே உற்பத்தியாயின. டிரான்ஸ்ஃபார்மரைச் சிறு பட்டறைகள் கையால் சுற்றிக் கொடுத்தன. பெட்டியை வீட்டுக்குப் பக்கத்துத் தச்சரே அடித்துத் தருவார். பிறகு 1980களில் ஐ.சி.க்கள் பரவியதும் வேலை இன்னும் சுருங்கியது: டி.டி.ஏ. 2030, எல்.ஏ. 4440 போன்ற ஒற்றைச் சில்லும், சுற்றிலும் சில கண்டென்சர், ரெசிஸ்டர்களும், பின்னால் ஓர் அலுமினிய ஹீட் சிங்க்கும் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் தயார். எல்.ஏ. 4440 கார் ஸ்டீரியோவுக்காக வந்தது. 12 வோல்ட்டில் ஓடும், ஒரே சில்லுக்குள் இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் 6 வாட். பத்துக்குப் பத்து அறைக்கு அது தாராளம். இந்த மாதம் டிரான்ஸ்ஃபார்மர், அடுத்த மாதம் போர்டு, தீபாவளிக்கு ஸ்பீக்கர் என்று வாங்கலாம். கடனும் வட்டியும் இல்லாத தவணை அது.

ஆனால் துண்டு துண்டாக வாங்குவதிலேயே ஓர் ஆபத்து உண்டு. எந்தத் துண்டுக்கு அதிகம் கொடுப்பது? ஆர்வம் இயல்பாக ஆம்ப்ளிஃபயரின் பக்கம்தான் இழுக்கும். வாட் என்பது எண், எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாம், நண்பர்களிடம் சொல்லலாம். இயற்பியலோ வேறு பக்கம் கை காட்டுகிறது. ஆம்ப்ளிஃபயரின் வலுவை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. கவனித்துக் கேட்டால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியில்லாத ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூம்புத் தாளான கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. கீழ் ஸ்தாயி ஒலியின் அலை நீளமானது. அது விளிம்பைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் மேசைமேல் வெறுமனே கிடக்கும் ஸ்பீக்கர் எத்தனை வாட் கொடுத்தாலும் தகரத்தில் தட்டியது போலப் பாடுகிறது. அதையே காற்றுப் புகாத கெட்டிப் பெட்டியில் பொருத்தினால், ஒரு வாட்டும் கூட்டாமல், மிருதங்கத்தின் இடக்கை ஒலி அறைக்குள் வந்து உட்காரும். முக்கால் அங்குல பிளைவுட், மூலைகளில் பசையோடு அடித்த ரீப்பர், உள்ளே கொஞ்சம் இலவம்பஞ்சு, மேல் ஒலிக்கான ட்வீட்டருக்கு முன் ஒரே ஒரு நான்-போலார் கண்டென்சர். இந்தச் செலவுதான் கேட்பவருக்கு அதிகம் திருப்பித் தந்த செலவு. அறையின் மூலைக்கு அருகே பெட்டியை நகர்த்தினால் சுவர்கள் கீழ் ஒலியை இன்னும் தூக்கிக் கொடுக்கும். அதற்குக் காசே வேண்டாம்.

பிளைவுட்டுக்கும் வழியில்லாதவர்களுக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரு விடை இருந்தது: மண்பானை. டீக்கடைகளிலும் சலூன்களிலும் வீட்டு மூலைகளிலும் பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுப் போட்ட காலத்தை வறுமையின் வேடிக்கையாகச் சிலர் நினைவுகூர்கிறார்கள். எனக்கு அது சரியான பொறியியலாகவே படுகிறது. பெட்டியில் எதிரெதிரே நிற்கும் தட்டையான சுவர்களுக்கிடையே சில சுரங்கள் சிக்கிக்கொண்டு முழங்கும். உருண்டையான பானைக்குள் அப்படித் தட்டையான எதிரெதிர்ச் சுவர் கிடையாது. சுட்ட மண் கனமானது, விறைப்பானது, ஸ்பீக்கரோடு சேர்ந்து தானும் அதிராது. விளிம்பில் ரப்பரோ துணியோ வைத்து இறுக்கி மூடினால் பின்பக்க அலை உள்ளேயே அடங்கிவிடும். இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். மானாமதுரைக் கடம் தட்டினால் கணீரென்று பாட வேண்டும். அதற்காகவே அந்த மண்ணைப் பிசைந்து தட்டித் தட்டிச் செய்கிறார்கள். ஸ்பீக்கர் பானைக்கு வேண்டிய குணம் நேர் எதிரானது, அது ஊமையாக இருக்க வேண்டும். தட்டிப் பார்த்துச் சட்டென்று அடங்கும் தடித்த பானையைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல ஒலி கிடைத்தது. மெல்லிய பானையை வாங்கியவருக்கு எல்லாப் பாட்டிலும் ஒரே சுரம் கூடவே ஊளையிட்டது. பானையின் பேரில் சொல்லப்படும் புகார்களில் பாதி இந்தத் தேர்வில் நேர்ந்த பிழைதான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு பெரிய பெட்டி, எத்தனை அங்குல ஸ்பீக்கர் என்பதைக் கேட்கும் பாட்டுதான் முடிவு செய்தது. ஒரு கட்டை சுருதியில் பாடுபவரின் மத்திம ஸ்தாயி ஸட்ஜம் 130 ஹெர்ட்ஸ் அருகே இருக்கிறது. மந்திர ஸட்ஜம் அதில் பாதி, 65. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரல் அதைவிட மேலே. கர்நாடக இசைக்கு ஆறரை அங்குல ஸ்பீக்கரும் நடுப்பகுதித் தெளிவும் போதும். பழைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ என்பதால், கைக்காசு குறைவானவர் ஒரே ஒரு நல்ல பெட்டியைச் செய்துகொண்டால்கூட இழப்பு ஒன்றுமில்லை. மயிலாப்பூர்க் காதுக்கு மலிவான வழி இருந்தது என்று சொன்னால் அது மிகையல்ல. கோடம்பாக்கத்துத் திரையிசைதான் இந்தக் கணக்கை மாற்றியது. 1978இல் 'பிரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாயின. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு மெட்டையே பேச ஆரம்பித்தது. அந்தக் கருவியின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டர் ரேடியோவில் கேட்டவர்களுக்கு அந்த மெட்டு இருப்பதே தெரியாது; இடது பெட்டியில் ஒரு கிட்டாரும் வலது பெட்டியில் இன்னொன்றும் பேசிக்கொள்வதும் தெரியாது. 1986இல் வந்த அவருடைய 'ஹௌ டு நேம் இட்' இசைத்தொகுப்பு ஒரு தலைமுறை மாணவர்களைக் கீழ் ஒலிக்கான எட்டு அங்குல ஊஃபர் தேட வைத்தது என்றால் வியப்பில்லை. 1992இல் 'ரோஜா' படம் வந்தபோது அந்தத் தேடல் மேலும் பரவியது. பாட்டு முதலில் மாறியது, பெட்டி அதைத் துரத்திக்கொண்டு பெரிதானது.

ஒலியைக் கொடுக்கும் மூலமும் வேண்டுமே. இசைத்தட்டு, அதைச் சுழற்றும் கருவி, அதன் ஊசி எல்லாமே செலவு. 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் தமிழ்நாட்டுத் தெருக்களை நிறைத்தபோது ரிக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. பிடித்த பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்கள். இதில் உரிமை மீறல் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியதற்கு இந்தப் பரவலும் ஒரு காரணம். பாடியவருக்கும் இசைத்தவருக்கும் சேர வேண்டிய பணம் சேரவில்லை, அது உண்மையான இழப்பு. ஆனால் ஒலியின் தரம் பற்றிய பாடத்தை மாணவர்கள் அந்தக் கடைகளில்தான் கற்றார்கள். நல்ல கடைக்காரர் தட்டைத் துடைத்துவிட்டுப் பதிவார், அளவு முள் சிவப்பில் முட்டாமல் பார்ப்பார். வீட்டில் கேசட் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பதும், ஹெட் பக்கத்துத் திருகைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இம்மி திருப்பி மங்கிய பாட்டைப் பளிச்சென்று ஆக்குவதும் கைப்பழக்கமாயின. அந்தத் திருகு நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கிறதா என்பதைச் சரிசெய்வது. துளி சாய்ந்தாலும் மேல் ஸ்தாயி மறைந்துவிடும். காசு செலவில்லாமல் கிடைத்த முன்னேற்றங்களில் இதற்கு இணை கிடையாது.

இதையெல்லாம் கேட்ட ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம்: அசெம்பிள்டு செட்டுகளில் பெரும்பாலானவை இரைந்தன, சூடேறிக் கருகின, போலி ஐ.சி.யில் ஓடின, தரமான ஒலி என்று எப்படிச் சொல்வது? இரைந்தன என்பது உண்மை. போலிச் சில்லுகள் சந்தையில் இருந்ததும் உண்மை. ஆனால் அந்த இரைச்சலுக்குக் காரணங்கள் எண்ணக்கூடியவை: ஃபில்டர் கண்டென்சரில் மிச்சம் பிடித்தது, டிரான்ஸ்ஃபார்மரை உள்ளீட்டு ஒயருக்குப் பக்கத்தில் வைத்தது, எர்த்தை ஒரே இடத்தில் சேர்க்காமல் பல இடங்களில் சுற்றவிட்டது. சேர்த்துக் கட்டியவரால் பிரித்துச் சரிசெய்ய முடிந்தது. ஒட்டி மூடிய செட்டில் அது முடியாது. கெட்ட செட்டுகள் நிறைய இருந்தன என்பது, நல்ல செட் செய்ய வழியிருந்தது என்பதைப் பொய்யாக்காது. பலரும் வாட்டுக்கும் மினுக்கும் விளக்குக்கும் காசைக் கொடுத்துவிட்டுப் பெட்டியில் கை வைத்தார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. நிறுவனங்களும் அதே பிழையைத்தான் வியாபாரமாக்கின. 1990களில் வந்த மினி ஹைஃபை செட்டுகளின் முகத்தில் பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட் எழுதியிருந்தது. கண்ணிமைக்கும் நேரத்து உச்சத்தைக் கணக்கிட்ட அந்த எண்ணுக்கும் தொடர்ந்து கிடைக்கும் வலுவுக்கும் தொடர்பே கிடையாது. ரிச்சி தெருவில் கற்றவர் அந்த எண்ணைப் படிக்காமல், பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பற்றாக்குறையை மெச்சுகிறீர்கள், 1991க்கு முன் உச்ச இறக்குமதி வரி 150 சதவீதத்தையும் தாண்டியிருந்தது, அந்தச் சுவர் இல்லாதிருந்தால் மாணவருக்கு நல்ல ஜப்பான் செட்டே கிடைத்திருக்குமே என்று கேட்கலாம். அந்தச் சுவரை நான் மெச்சவில்லை. நல்ல ஒலியை அது பல லட்சம் பேரிடமிருந்து ஒளித்து வைத்தது. ஆனால் சுவர் இறங்கிய பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். பற்றாக்குறை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் உதிரிச் சந்தை 2000களில் மறைந்திருக்கும். கணினியும் கைப்பேசியும் ரிச்சி தெருவின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன, ஆனாலும் ஆடியோ போர்டு விற்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன, 5.1 ஆம்ப்ளிஃபயரைக் கட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். வரி குறைந்ததால் உதிரிகளும் மலிவாயின என்பது ஒரு காரணம். இன்னொன்று, தொழிற்சாலை செட்டின் விலையில் எந்தக் காலத்திலும் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் போவது சிறு பங்குதான். அந்தப் பங்கைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள நினைப்பவருக்குப் பிரித்து வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மனக்குறையாக நிற்பது வேறொன்று. கல்லூரி மாணவர் கட்டிய செட் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஈயம் வைத்தவர் பல நேரங்களில் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் பிரிவு முடித்து கடைப் பின்கட்டில் உட்கார்ந்திருந்த இளைஞர். எர்த்தை எங்கே சேர்ப்பது என்று சொல்லித் தந்தவரும், கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டிப் பழகிய அவரைப் போன்றவர்தான். வாய்மொழியாகப் போன அந்த அறிவு அவர்கள் பேரில் எங்கும் பதிவாகவில்லை. பெண்களின் நிலை இன்னும் மோசம். அதே பாட்டை அதே ஆர்வத்தோடு கேட்ட மாணவிகள் பலருக்கு அந்தச் சந்துகளில் நின்று ஓம்ஸ் கணக்குப் பேசும் சூழல் இருக்கவில்லை. மலிவான நல்ல ஒலி எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. தெருவில் நின்று கேள்வி கேட்க முடிந்தவர்களுக்குத் திறந்திருந்தது.

இப்போது ஒரு மாணவர் கிளாஸ் டி வகை டி.பி.ஏ. 3116 போர்டை உணவகத்தில் ஒருநாள் சாப்பிடும் செலவுக்குள் வாங்கிவிடலாம். பழைய மடிக்கணினியின் அடாப்டரே அதற்கு மின்சாரம் கொடுக்கும். கைப்பேசி, கேசட்டை விடச் சுத்தமான மூலம். ஆம்ப்ளிஃபயரும் பாட்டும் ஏறக்குறைய இலவசமாகிவிட்ட நிலையில், செலவு முழுக்கப் பெட்டியிலும் ஸ்பீக்கரிலும் வந்து நிற்கிறது. அதனால் வீடு மாறும்போது வேண்டாமென்று தள்ளப்படும் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் மறுபடி மதிப்புப் பெறுகின்றன. அவற்றில் ஒரு சங்கடம் உண்டு: கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பு சென்னையின் ஈரக் காற்றில் சில ஆண்டுகளிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பார்ப்பவர்கள் ஸ்பீக்கர் செத்துவிட்டதாக நினைத்து எடைக்குப் போடுகிறார்கள். காந்தமும் கம்பிச் சுருளான காயிலும் பெரும்பாலும் பழுதாவதில்லை. பழைய விளிம்பைச் சுரண்டி எடுத்து, காயில் நடுவில் நிற்கும்படி கோனைச் சரியாக வைத்து, புது விளிம்பை ஒட்டி ஒரு நாள் காயவிட்டுத் தருகிறவர்கள் நகரில் இன்னும் இருக்கிறார்கள். கூலி, புது ஸ்பீக்கர் விலையில் சிறு பகுதி. ஃபோமுக்குப் பதில் ரப்பர் விளிம்பு கேட்டு ஒட்டச் சொன்னால், கடற்காற்றை அது நெடுநாள் தாங்கும்.